பூட்டிய அலுமாரிக்குள் ரிமோட்டின் ஒளியைக் கொண்டுசெல்லுதல்: ஐ.ஆர். எமிற்றர் வயரிங்

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வன்னியில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சி முன் மண்டபத்துச் சுவரில், விறாந்தைக் கதவுக்கு நேரெதிரே மாட்டப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு மேசையில் டிஷ் பெட்டி, அம்பிளிபையர், டீவீடி பிளேயர் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கோடையில் அவற்றின் காற்றோட்டத் துளைகளில் செம்மண் புழுதி படிவதும், மாரியில் அதே துளைகளுக்குள் பல்லி முட்டையிடுவதும் நமக்குப் புதியவை அல்ல. இவற்றுக்குப் பயந்து பொருட்களைக் கதவுள்ள அலுமாரிக்குள் வைத்தால், கதவைச் சாத்திய கணமே ரிமோட் பயனற்றுப் போகிறது; ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டவேண்டிய நிலை வருகிறது. இதற்கான தீர்வு எளியது: மண்டபத்தில் ரிமோட்டின் ஒளியைப் பெறும் ஒரு ரிசீவர், அலுமாரிக்குள் ஒரு இணைப்புப் பெட்டி, ஒவ்வொரு கருவியின் முகப்பிலும் ஒட்டப்பட்டு அந்த ஒளியை மீண்டும் வெளியிடும் ஒரு எமிற்றர். வேலை சிறியது, செலவும் பெரிதன்று. ஆயினும் வயரை இழுத்து முடித்த பிறகே சோதிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வயரை மீண்டும் கழற்றுகிறார்கள். ஆகவே இங்கே முதலில் இடத்தையும், பிறகு முனையையும், கடைசியிலேயே வயரையும் பார்க்கும் ஒழுங்கில் விளக்குகிறேன்.

ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. பாடப்புத்தகத்தில் செங்கீழ்க் கதிர் என்றும், தமிழகத்தில் அகச்சிவப்பு என்றும், கடையில் சுருக்கமாக ஐ.ஆர். என்றும் சொல்லப்படுவது இதுவே. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையான அலைநீளங்களையே காணும். பெரும்பாலான ரிமோட்டுகள் 940 நனோமீற்றரை அண்டிய ஒளியை வெளியிடுகின்றன. அந்த ஒளி தொடர்ச்சியாக எரிவதில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை மினுங்கும் ஒளிக்கற்றை, குறுகிய துண்டுகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. துண்டுகளுக்கும் இடைவெளிகளுக்கும் உரிய நீளத்திலேயே கட்டளை இருக்கிறது. என்.ஈ.சி. என்னும் பரவலான முறையில் முதலில் 9 மில்லிசெக்கன் ஒளி, பின் 4.5 மில்லிசெக்கன் இடைவெளி, அதன்பின் 32 பிற்றுகள் வரும். சோனி 40 கிலோஹேர்ட்ஸ் மீடிறனையும், பிலிப்ஸின் பழைய ஆர்.சி.5 முறை 36 கிலோஹேர்ட்ஸையும் பயன்படுத்துகின்றன. 38 கிலோஹேர்ட்ஸுக்கு அமைந்த ரிசீவர் இவ்விரண்டையும் ஏற்கும். தூரம்தான் சற்றுக் குறையும். மண்டபத்து ரிசீவர் இந்த மினுக்கலை மின்துடிப்பாக மாற்றுகிறது, இணைப்புப் பெட்டி அதற்கு வலுவூட்டுகிறது, எமிற்றர் அதை மீண்டும் ஒளியாக்கிக் கருவியின் கண்ணுக்குள் செலுத்துகிறது. இடையில் எந்த நினைவகமும் இல்லை. மின்சாரம் நின்று வந்தாலும் மீண்டும் எதையும் அமைக்கவேண்டியதில்லை என்பதால், வைஃபை வழியாக இயங்கும் நவீன பெட்டிகளைவிட நம் ஊருக்கு இந்தப் பழைய முறையே பொருந்தும் என்பது என் கருத்து.

கடையில் ஐ.ஆர். ரிப்பீற்றர் என்று கேட்டால் ஒரு ரிசீவர், ஒரு இணைப்புப் பெட்டி, சில எமிற்றர்கள் ஆகியவை சேர்ந்த தொகுதி கிடைக்கும். சில 5 வோல்ற்று யூ.எஸ்.பி. மின்னிலும், சில 12 வோல்ற்று அடப்டரிலும் இயங்கும். யூ.எஸ்.பி. வகையைத் தொலைக்காட்சியின் பின்புறத்து யூ.எஸ்.பி. துளையில் செருகும் ஆசை எவருக்கும் வரும், அதைத் தவிருங்கள். தொலைக்காட்சியை அணைத்ததும் அந்தத் துளையில் மின் நின்றுபோகும் மாதிரிகள் பல உள்ளன. அப்போது பாட்டுக் கேட்பதற்காக அம்பிளிபையரை மட்டும் ரிமோட்டால் இயக்க முடியாது. கைத்தொலைபேசிச் சார்ஜர் ஒன்றைத் தனியாக ஒதுக்குவது மேல்.

இனி முதல் வேலை. கருவியின் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முகப்பிலுள்ள கறுப்புக் கண்ணாடி முழுவதும் கண் அன்று. அதன் பின்னால் எங்கோ ஒரு மூலையில், பயறு அளவான ஒரு கறுப்புக் குமிழே கண். எமிற்றரை அதிலிருந்து இரண்டு விரலளவு விலக்கி ஒட்டினாலும் சில கருவிகள் கேட்கமாட்டா. அறையை இருட்டாக்கி, வலுவான டோர்ச் ஒன்றைக் கண்ணாடிக்கு நெருக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலான கருவிகளில் அந்தக் குமிழ் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், ரிமோட்டின் முனையைக் கையால் நன்றாகப் பொத்தி, விரலிடுக்கு வழியே மெல்லிய கற்றை மட்டும் வெளியேறும்படி வைத்து, முகப்பை ஒட்டினாற்போல மெதுவாக நகர்த்துங்கள். கருவி பதிலளிக்கும் இடம் மிகக் குறுகியதாக ஆகும்வரை இடுக்கை ஒடுக்கிக்கொண்டே போக வேண்டும். கண்டுபிடித்த இடத்தைப் பென்சிலால் புள்ளியிட்டுக் குறியுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்களே பின்னர் எமிற்றர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

குறித்த இடத்தில் எமிற்றரை உடனே நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். முதலில் சாதாரண செலோரேப்பால் பிடித்துவைத்து, ஒரு நாள் முழுவதும் பயன்படுத்திப் பாருங்கள். எல்லாம் சரியென்றான பின், முகப்பைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட்டு, எமிற்றரோடு வந்த பசைத்தாளால் ஒட்டலாம். எமிற்றரும் நெற்றியில் வைக்கும் ஒட்டுப்பொட்டைப் போன்றதே: வியர்வையும் தூசியும் இருக்கும் இடத்தில் பிடிக்காது, ஒருமுறை உரித்து மறுமுறை ஒட்டினால் மாலைக்குள் விழுந்துவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே அலுமாரிக்குள் தேங்கும் வெப்பம் மலிவான பசையை உருக்கிவிடுகிறது. ஆகவே வயரின் முதல் சில அங்குலத்தையும் தனியாக ஒரு ரேப் துண்டால் கருவியின் பக்கத்தில் பிடித்துவைத்தால், வயரின் பாரம் பசையின்மேல் விழாது.

அடுத்தது முனை. எமிற்றர் என்பது உண்மையில் ஒரு ஒளிகாலும் இருவாயி, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தரும் எல்.ஈ.டி. அது ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. டைனமோ தரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இருவாயிகளை எப்படித் திருப்பிப் பொருத்த வேண்டும் என்பதை அன்று பள்ளிச் சிறுவர்களே கையால் செய்து பழகியிருந்தார்கள். எமிற்றர் வயரின் நுனியில் 3.5 மில்லிமீற்றர் ஜக் இருக்கும். பெரும்பாலும் அதன் நுனி நேர்முனை, அடிப்பக்க உலோகம் மறைமுனை. ஆனால் இதில் எல்லாத் தயாரிப்பாளரும் ஒத்துப்போவதில்லை. படத்தையும் ஒலியையும் தூரத்துக்குக் கொண்டுசெல்லும் சில எச்.டி.எம்.ஐ. எக்ஸ்ரென்டர்களோடு வரும் எமிற்றர்களில் ஜக் மூன்று வளையமுள்ளதாகவும், முனைகள் வேறு ஒழுங்கில் அமைந்தவையாகவும் இருக்கும். வயரில் வெள்ளைக் கோடு இருந்தால் அது நேர்முனை என்று நம்புவதும் ஆபத்தே.

மல்டிமீற்றரை இருவாயிச் சோதனை நிலையில் வைத்து ஜக்கின் நுனியிலும் அடியிலும் தொடுங்கள். ஒரு திசையில் ஏறத்தாழ 1 முதல் 1.2 வோல்ற்று வரை காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாவிட்டால் எமிற்றர் நல்லது. இலக்கம் தோன்றிய வேளையில் சிவப்புக் கம்பி தொட்டுநின்ற இடமே நேர்முனை. எமிற்றரின் உள்ளே தடையி பொருத்தப்பட்டிருந்தால் வாசிப்பு சற்று மாறலாம், திசை மாறாது. மல்டிமீற்றர் இல்லாதவர்கள் இரண்டு சிறிய 1.5 வோல்ற்று பற்றரிகளைத் தொடராக வைத்து, 100 ஓம் தடையி ஒன்றின் ஊடாக எமிற்றருக்கு மின் கொடுக்கலாம். அப்போது ஏறத்தாழ 17 மில்லிஅம்பியர் பாயும், அது பாதுகாப்பான அளவு. தடையி இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் எமிற்றர் கருகலாம். எரிகிறதா என்று பார்க்கக் கைத்தொலைபேசியின் கமரா போதும். ஒளி ஊதா அல்லது வெண்மை நிறப் புள்ளியாகத் திரையில் தெரியும். பின்பக்கக் கமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்பக்கக் கமராவைப் பயன்படுத்துங்கள். முதலில் நன்றாக வேலைசெய்யும் ஒரு ரிமோட்டை அதே கமராவுக்குக் காட்டி, அந்தக் கமரா இதற்கு உதவுமா என்று உறுதிசெய்துகொள்வது புத்திசாலித்தனம்.

ரிசீவரின் ஜக்கும் எமிற்றரின் ஜக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரிசீவருக்கு மின்னூட்டம், தரை, சைகை என மூன்று இணைப்புகள் வேண்டும்; எமிற்றருக்கு இரண்டு போதும். எமிற்றரை ரிசீவரின் துளையில் செருகினால், அந்தத் துளையில் எப்போதும் நிற்கும் மின்னழுத்தம் தடையி இல்லாத எமிற்றரைச் சிறிது நேரத்தில் கெடுத்துவிடக்கூடும். ரிசீவர் வயரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்தக் குழப்பம் ஒருபோதும் வராது.

இனி வயர். தொகுதியோடு வரும் எமிற்றர் வயர் பெரும்பாலும் அலுமாரிக்குள் மட்டுமே எட்டும். உள்ளறைக்கு நீட்ட வேண்டுமானால் அதைப் பாதியில் வெட்டி, இடையில் கணினி வலையமைப்புக் கேபிளின் ஒரு சோடி இழையைச் சேர்க்கலாம். தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. அந்தக் கேபிளின் செப்பு இழை அரை மில்லிமீற்றர் தடிப்புள்ளது. 20 மீற்றர் தூரம் போய்வர 40 மீற்றர் இழைக்கு ஏறத்தாழ 3.5 ஓம் தடையே வரும், அது எமிற்றரின் ஒளியைக் கணிசமாகக் குறைக்காது. கவனிக்க வேண்டியது வேறொன்று: மலிவான கேபிள்களில் செப்புப் பூச்சிட்ட அலுமினிய இழை வருகிறது. பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதில் ஈயம் சரியாகப் பிடிக்காது, இரண்டு முறை வளைத்தால் முறிந்தும் போகும். நல்ல செப்பு இழையை எமிற்றர் வயரோடு முறுக்கி, ஈயம் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே சுருங்கும் குழாயால் மூடி, இரண்டு இணைப்புகளையும் ஒரே இடத்தில் வராமல் ஒரு விரலளவு முன்பின்னாக அமையுங்கள். ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு, அடுத்த மாரியின் ஈரப்பதத்தில் பச்சை பூத்துவிடும். எந்த நிற இழை நேர்முனைக்கு என்பதை வீடு முழுவதற்கும் ஒரே விதமாக வையுங்கள். நான் எப்போதும் நீலத்தை நேர்முனைக்கும், அதன் சோடியான நீலக்கோடிட்ட வெள்ளையை மறைமுனைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

வயரைச் சுவர்வழி கொண்டுபோகும்போது ஒரு விதியை மீறவே கூடாது: 230 வோல்ற்று மின்வயர் செல்லும் குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது. சுவரில் ஏற்கெனவே குழாய் இருக்கிறதே, இன்னொரு மெல்லிய வயரை அதற்குள்ளே தள்ளிவிடலாமே என்று மேசன்கூடச் சொல்லக்கூடும். மின்வயரின் உறை ஓரிடத்தில் எலி கடித்து உரிந்தால், அந்த 230 வோல்ற்று நேரே உங்கள் பிள்ளையின் கை படும் ஜக்குக்கு வந்து சேரும். தனிக் குழாயில், மின்வயரிலிருந்து ஒரு சாண் விலக்கி இழுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். குழாயின் இரண்டு வாயையும் பஞ்சு அல்லது சிலிக்கன் பசையால் அடையுங்கள். இல்லாவிட்டால் குளவியும் எறும்பும் குடியேறிவிடும்.

ரிசீவர் வைக்கும் இடத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மாங்குளம் முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தின் வாசிகசாலையில், தொலைக்காட்சிக்குரிய பெட்டிகளைப் பூட்டிய அலுமாரிக்குள் வைத்து இந்த அமைப்பைச் செய்து கொடுத்தேன். இரவு எட்டு மணிக்கு எல்லாம் நன்றாக இயங்கியதைக் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு, ஒன்றும் வேலைசெய்யவில்லை என்று அழைப்பு வந்தது. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, எல்லாம் சரியாக இயங்கியது. இப்படி இரண்டு முறை வீணாக அலைந்த பின்னரே, மேற்குச் சாளரத்தால் சாயும் வெயில் நேரே ரிசீவரின் முகத்தில் விழுவதை ஒரு பின்னேரத்தில் உட்கார்ந்திருந்து கண்டேன். சூரிய ஒளியிலும் செங்கீழ்க் கதிர் நிறைந்திருக்கிறது. அது ரிசீவரைத் திணறடித்து, ரிமோட்டின் மெல்லிய மினுக்கலைக் கேட்கவிடாமல் செய்கிறது. ரிசீவரைச் சாளரத்துக்கு முதுகு காட்டும் சுவருக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. பழைய சுருள் வடிவ சீ.எப்.எல். விளக்குகளும் இதே கெடுதலைச் செய்யும். அவற்றின் மின்சுற்று இயங்கும் மீடிறன் ரிமோட்டின் மீடிறனுக்கு அருகில் இருப்பதே காரணம். ரிசீவரிலுள்ள சிறு விளக்கு, ஒருவரும் ரிமோட்டை அழுத்தாதபோதும் விட்டுவிட்டு மினுங்கினால், வெயிலோ விளக்கோ தொல்லை கொடுக்கிறது என்று கொள்ளலாம். தொலைக்காட்சித் திரையின் விளிம்போடு ஒட்டி வைப்பதையும் தவிர்ப்பது நல்லது.

இணைப்புப் பெட்டியையும் தாமே செய்ய விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். டி.எஸ்.ஓ.பி. 38238 போன்ற மூன்று கால் ரிசீவரை வாங்கி, அதன் வெளியீட்டை ஒரு திரான்சிஸ்டருக்குக் கொடுத்து எமிற்றரை எரித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எமிற்றர் எரியும், கருவி மட்டும் கேளாது. காரணம், அந்த மூன்று கால் உறுப்பு 38 கிலோஹேர்ட்ஸ் மினுக்கலை வடிகட்டி நீக்கிவிட்டு, துண்டுகளின் வடிவத்தை மட்டுமே வெளியே தருகிறது. அதுவும் தலைகீழாக, ஒளி வரும்போது வெளியீடு தாழ்நிலைக்குப் போகிறது. ஆகவே அந்த வடிவத்தைத் திருப்பி, 555 ஐ.சி. ஒன்றால் 38 கிலோஹேர்ட்ஸ் மினுக்கலை மீண்டும் உண்டாக்கி, ஒளி வந்த நேரத்தில் மட்டும் அதை எமிற்றருக்கு விடவேண்டும். 555இன் நான்காம் காலான றீசெற் இதற்கு ஏற்ற வாசல். கால்களின் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். 38238இல் குமிழ் முகம் உங்களைப் பார்த்தபடி இருக்க, இடமிருந்து வலமாக வெளியீடு, தரை, மின்னூட்டம் என வரும். பழைய 1738இல் தரை, மின்னூட்டம், வெளியீடு என வரும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் உறுப்பு சூடேறிப் போய்விடும்.

எமிற்றரை இயக்கும் பகுதியின் கணக்கு சிறியது. 5 வோல்ற்று மின்னில், எமிற்றர் ஏறத்தாழ 1.3 வோல்ற்றையும் திரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.2 வோல்ற்றையும் எடுத்துக்கொள்ள, மிகுதி 3.5 வோல்ற்று தடையியில் விழும். 47 ஓம் தடையி வைத்தால் துடிப்பு மின்னோட்டம் ஏறத்தாழ 74 மில்லிஅம்பியர் ஆகும். முகப்பில் ஒட்டிய எமிற்றருக்கு இதுவே தாராளம். 220 ஓம் வைத்து மின்னோட்டத்தை 16 மில்லிஅம்பியருக்குக் குறைத்தாலும் பெரும்பாலும் வேலைசெய்யும். திரான்சிஸ்டருக்கு பீ.சி. 337 போதும், தட்டை முகம் உங்களை நோக்கியிருக்க, கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிற்றர். இந்த எமிற்றர் திரான்சிஸ்டரின் கால், நாம் ஒட்டும் எமிற்றர் அன்று. பெயர்ப் பொருத்தத்தால் மாணவர்கள் குழம்புவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். இரண்டு எமிற்றர்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தடையி கொடுங்கள். ஒரே தடையிக்குப் பின்னால் இரண்டையும் சமாந்தரமாகக் கட்டினால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும். மின்னூட்டத்தின் குறுக்கே 100 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைத் திரான்சிஸ்டருக்கு அருகில் வைத்தால், துடிப்பின்போது மின்னழுத்தம் தளராது.

எல்லாம் இணைத்த பின் வரும் கோளாறுகளில் மூன்று அடிக்கடி காணப்படுபவை. கருவி சில வேளைகளில் மட்டும் கேட்டால், எமிற்றரின் ஒளி குறைவு என்று எண்ணாமல், அது அளவுக்கு மீறியதாக இருக்கலாம் என்றும் எண்ணிப் பாருங்கள். எமிற்றரைக் கண்ணிலிருந்து அரை அங்குலம் விலக்கினால் அல்லது இடையில் ஒரு துண்டு ரேப் ஒட்டினால் சரியாகிவிடும். ஒரே மாதிரியான இரண்டு டிஷ் பெட்டிகள் அருகருகே இருந்தால், ஒன்றுக்குக் கொடுத்த கட்டளையை மற்றதும் ஏற்கும். எமிற்றரின் மேல் கறுப்பு இன்சுலேசன் ரேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி ஒளி வெளியே சிந்தாமல் மறைக்க வேண்டும், கருவியின் கண்ணாடி முழுவதையும் சேர்த்து மறைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, ரிசீவர் தன் எமிற்றரின் ஒளியையே திரும்பக் கண்டு, ஒரு கட்டளையைத் தொடர்ந்து சுழலவிடுவது. அலுமாரிக் கதவு கண்ணாடியாக இருந்தால் இது நடக்கும். சத்தம் தானாக ஏறிக்கொண்டே போனால் பேய் என்று பயப்படாமல் கறுப்பு ரேப்பைத் தேடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பின்னேர இடிமழையில் நீண்ட செப்பு வயர் எதுவும் ஆபத்தே. டிஷ் அன்டெனாக் கேபிளைக் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு; அதே வேளையில் இணைப்புப் பெட்டியின் அடப்டரையும், உள்ளறைக்குப் போகும் ஜக்கையும் உருவிவிடுங்கள். அதற்கு வசதியாக, ஒவ்வொரு ஜக்கிலும் வெள்ளைப் பிளாஸ்ரர் சுற்றி, எந்தக் கருவிக்குரியது என்று போல்பொயின்ற் பேனையால் எழுதி வையுங்கள். தொகுதியில் மிஞ்சும் எமிற்றரையும் எறிய வேண்டாம். அதைச் சோதித்து, நேர்முனை எது என்று எழுதிய துண்டுக் காகிதத்தோடு ஒரு பொலித்தீன் பையிலிட்டு, அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். எலி கடித்த வயரை மாற்றும் நாளில், அது கடையைத் தேடிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் பஸ் பயணத்தை மிச்சப்படுத்தும்.